தமிழய்யா பதில்கள்: ‘சோகம்’ என்று எழுதினால் போதுமா?

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குப் பாரி மகளிர் பாடலைக் கொடுத்து, அதில் வெளிப்படும் உணர்வை எழுதச் சொல்லியிருந்தார்கள். ‘சோகம்’ என்று எழுதினாள். ஐந்துக்கு ஒரு மதிப்பெண்தான் கிடைத்தது. விடை சரிதானே, ஐயா?
– வாசகி ஒருவர், தேவகோட்டை

சரிதான் அம்மா. ஆனால் அது விடையின் தலைப்பு மட்டுமே. விடையை இனிமேல்தான் எழுத வேண்டும். அந்தச் சோகம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்பதுதான் ஆசிரியர் கேட்காமல் கேட்ட கேள்வி.

புறநானூற்றின் 112ஆம் பாடல் அது, ஐந்தே அடிகள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

தங்கள் மகளை இதில் அழுகையைக் குறிக்கும் சொல் ஒன்றைத் தேடச் சொல்லுங்கள், கிடைக்காது. கண்ணீர் இல்லை, ‘ஐயோ’ இல்லை, வருந்தினோம் என்ற வினைகூட இல்லை. நிலவு மட்டும் இரண்டு முறை வருகிறது. அன்றும் அதே வெண்ணிலவு, இன்றும் அதே வெண்ணிலவு. மாறாத அந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துத்தான் மாறிப்போன எல்லாவற்றையும் அளந்து காட்டுகிறார்கள் அந்தப் பெண்கள். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். முதல் பாதியில் தந்தை முன்னும் குன்று பின்னுமாக வருகின்றன. இரண்டாம் பாதியில் வரிசை தலைகீழாகிக் குன்று முதலிலும் தந்தை கடைசியிலும் வருகின்றனர். சொல்ல மிகக் கடினமானதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட்டு, ‘எந்தையும் இலமே’ என்று முடித்துவிட்டு, அதற்குமேல் ஒரு சொல்லும் பேசாமல் நின்றுவிடுகிறது பாட்டு. அந்த நிறுத்தத்தில் இருக்கிறது சோகம்.

உள்ளத்து உணர்வு வெளியே தெரியும் மெய்ப்பாடுகள் எட்டு என்று தொல்காப்பியர் சொல்லும்போது அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு காரணங்களைத் தருகிறார். இங்கே இருப்பது இழவு, அதாவது இழப்பு. ஆனால் அதோடு முடியவில்லை. ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்ற தொடரை இகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்வது உண்டு. மூவேந்தரும் முற்றுகையிட்டும் போரில் வெல்ல இயலாமல் சூழ்ச்சியால் பாரியைக் கொன்றனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அப்படியானால் அழுகைக்கு அடியில் பெருமிதமும் ஓடுகிறது. ‘சோகம்’ என்ற ஒற்றைச் சொல் இதையெல்லாம் வெளியே நிறுத்திவிடுகிறது. மதிப்பெண் அங்கேதான் போயிற்று. பாரியின் பறம்பு எனக் கருதப்படும் பிரான்மலை நம் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு பௌர்ணமி மாலையில் மகளை அழைத்துக்கொண்டு போய் அடிவாரத்தில் நின்று இந்த ஐந்து அடியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். என் உரையைவிட அது நன்றாக விளங்கும்.

கதைமாந்தரின் மன உறுதிக்கும் வெறும் பிடிவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது? ‘வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்’ என்ற குறளைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள். கதையில் காட்டச் சொன்னால் விழிக்கிறார்கள்.
– ஆசிரியப் பயிற்சி மாணவர், கானாடுகாத்தான்

குறளைச் சொல்லிவிட்டுக் கதைக்குப் போனால் விழிக்கத்தான் செய்வார்கள். கதையை முதலில் கொடுத்துவிட்டு, குறளைக் கடைசியில் சொல்லிப் பாருங்கள்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையை எடுத்துக்கொள்வோம். காதை கண்ணகியோடு தொடங்குவதில்லை. பாண்டிமாதேவியின் தீக்கனவோடு தொடங்குகிறது. குடையும் செங்கோலும் விழுகின்றன, வாயில் மணி நடுங்குகிறது, கதிரவனை இருள் விழுங்குகிறது. கண்ணகி வாயிலுக்கு வந்து நிற்பதற்கு முன்பே அரண்மனையில் அச்சம் நிறைந்துவிட்டது. இது காட்சியின் மனநிலை. கண்ணகிக்கோ அச்சம் துளியும் இல்லை. காட்சியின் உணர்வு வேறு, அதற்குள் நிற்கும் ஆளின் உணர்வு வேறு என்பதை மாணவர்கள் பிரித்தறிய இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றென எண்ணி எழுதுவதுதான் விடைத்தாள்களில் நான் மிகுதியாகக் கண்ட பிழை.

அடுத்து, கண்ணகி என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும். ‘தேரா மன்னா’ என்று கொதிப்போடுதான் தொடங்குகிறாள். ஆனால் கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று அரசன் சொன்னதும், சபையைச் சாடுவதற்குப் பதிலாக, சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு செய்தியை முன்வைக்கிறாள்: ‘என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே’, அதாவது தன் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே சொல்கிறான். சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது, வழக்கு முடிகிறது. பிடிவாதக்காரர் சொன்னதையே உரத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். உறுதியுடையவர் அடையவேண்டியதை விடாமல் பிடித்துக்கொண்டு, அதற்கேற்ற வழியைத் தேர்ந்தெடுப்பார். அத்தனை வெகுளிக்கு நடுவிலும் அவள் அறிவு கூர்மையாக வேலை செய்கிறதே, அந்த இடத்தைத்தான் மாணவர்கள் அடிக்கோடிட வேண்டும். அதற்குப் பின் 661ஆம் குறளைச் சொல்லுங்கள். தலையாட்ட மாட்டார்கள், பேசுவார்கள்.

உறுதி உள்ள கதைமாந்தர் கடைசியில் வென்றுதான் ஆகவேண்டுமா?
– பத்தாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

வேண்டியதில்லை, அம்மா. விலகிப்போக வழி இருந்தும் அவர் விலகவில்லை என்று கதை காட்டினால் போதும். ‘மெய்வருத்தக் கூலி தரும்’ என்றுதான் வள்ளுவர் சொன்னார். எவ்வளவு கூலி என்று சொல்லவில்லை.

நம் மகிபாலன்பட்டிக் கணியன் பூங்குன்றனார், உயிர் ‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’ போகும் என்கிறார். வள்ளுவரோ தளராமல் முயல்பவர் ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்கிறார். பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், திருப்பத்தூர்

இரண்டையும்தான். வள்ளுவரே ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று 380ஆம் குறளில் கேட்டுவிட்டு, 620இல் ஊழைப் புறமுதுகிடச் செய்கிறார் அல்லவா? முந்தையது ஊழ் அதிகாரம், பிந்தையது ஆள்வினையுடைமை. பேசும் இடம் மாற, தொனியும் மாறுகிறது. பூங்குன்றனாரின் பாட்டில் சோர்வு இருப்பதாக எழுதும் மாணவர்கள் புணையோடு, அதாவது அந்தத் தெப்பத்தோடு, நின்றுவிடுகிறார்கள். பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்ற முடிவு வரை படித்தால், வெள்ளத்தில் மிதக்கும் மரம் அன்று, எவர் முன்பும் வளையாத ஒரு மனிதர் பேசுகிறார் என்பது தெரியும்.

உணர்வைப் பெயர் சொல்லாமல் எழுத்தில் காட்ட, வீட்டிலேயே பிள்ளைகளைப் பழக்க ஏதாவது பயிற்சி உண்டா?
– வாசகர் ஒருவர், பள்ளத்தூர்

உண்டு, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது எளிது. முல்லைத் திணைக்குக் கார்காலமும் மாலையும் பொழுது. பிரிந்தவர் வருமளவும் ஆற்றியிருத்தல் அதன் உரிப்பொருள், அதாவது அத்திணைக்கு உரிய உணர்வு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்களுக்காக நம் வளவு வீடுகளில் ஆச்சிமார்கள் காத்திருந்ததைவிட நல்ல முல்லைப் பாடம் எந்த நூலில் கிடைக்கும்? பூட்டிய வீடு ஒன்றைக் காட்டி, ‘தனிமை’, ‘சோகம்’, ‘உறுதி’ ஆகிய மூன்று சொற்களையும் பயன்படுத்தாமல் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.

நான் பணியில் இருந்தபோது ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதினான்: ‘யாரும் வராத எங்கள் வீட்டில், வெள்ளிக்கிழமைதோறும் ஆச்சி எட்டு அறைகளையும் திறந்து பெருக்கிவிட்டு திரும்பப் பூட்டுகிறார்கள்.’ ‘பெருக்கிவிட்டு’ என்பதன் பின் விடுபட்டிருந்த தகர ஒற்றை மட்டும் சிவப்பு மையில் போட்டுக் கொடுத்தேன்.