20,000 ரூபாய்க்குள் கல்யாண ஆல்பம் வேலைக்கு எந்த மானிட்டர் வாங்கலாம்?

கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் விவரம்: கல்யாண ஆல்பம் டிசைனும் போட்டோ கரெக்‌ஷனும் செய்கிறீர்கள், இதுவரை லேப்டாப் திரையிலேயே வேலை, கையில் 20,000 ரூபாய். கடைக்காரர் 27 இன்ச் வளைந்த கேமிங் மானிட்டரைக் காட்டி இதை எடுத்துக்கோங்க என்கிறார்.

எடுக்காதீர்கள். கேம் விளையாடுகிறவருக்கு அது நல்ல சாமான்தான். உங்கள் வேலைக்கு அது தொந்தரவு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் மதுரையில் இதே வேலையைத்தான் செய்கிறேன். என் கட்சி இதுதான்: இந்தப் பட்ஜெட்டில் நிறைய வண்ணம் காட்டும் திரையைத் தேடக்கூடாது. லேபில் பிரிண்ட் ஆகப்போகும் வண்ணத்தைக் கூட்டாமல் குறைக்காமல் காட்டுகிற திரையைத் தேட வேண்டும். அதோடு, பாதி வேலை மானிட்டர் வாங்கிய பிறகுதான் இருக்கிறது.

முதலில் உங்கள் லேப்டாப். விலை குறைந்த லேப்டாப்களின் விவரப் பட்டியலைத் தோண்டிப் பார்த்தால் "45% என்டிஎஸ்சி" என்று ஒரு வரி இருக்கும். என்டிஎஸ்சி என்பது 1953-இல் அமெரிக்காவில் கலர் டிவிக்காக வகுத்த அளவு. இன்றைக்கு யாரும் அதில் வேலை செய்வதில்லை, ஆனாலும் திரை விற்பவர்கள் அந்த அளவுகோலை விடவில்லை. 72% என்டிஎஸ்சி என்றால் கிட்டத்தட்ட முழு எஸ்ஆர்ஜிபி, அதாவது இன்றைக்குப் போட்டோவுக்குப் பொதுவாகப் பயன்படும் வண்ண அளவு. 45% என்றால் எஸ்ஆர்ஜிபியில் ஐந்தில் மூன்று பங்குதான் தேறும். இப்படிப்பட்ட திரையில் அரக்குப் பட்டு செங்கல் நிறத்தில் தெரியும். பொண்ணு வீட்டார் எடுத்த புடவை இப்படி இல்லையே என்று நீங்கள் சாச்சுரேஷனை, அதாவது வண்ணத்தின் அடர்த்தியை, ஏற்றுவீர்கள். திரையில் இப்போது சரியாக இருக்கும். ஆனால் ஃபைலில் சிவப்பு முட்டிப்போய் 255 என்ற உச்ச எண்ணில் நிற்கும். லேபிலிருந்து ஷீட் வரும்போது மடிப்பு, கொசுவம், ஜரிகைக் கரை எதுவும் தெரியாமல் மடியில் ஒரே சிவப்புத் திட்டு. டிசைனர் லேபைத் திட்டுவார், லேப்காரர் டிசைனரைத் திட்டுவார்.

அதனால் முதல் நிபந்தனை: 100% எஸ்ஆர்ஜிபி, அல்லது 99%. இந்த எஸ்ஆர்ஜிபி 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்தது, 1999-இல் சர்வதேசத் தரமானது. நோரிட்சு, ஃபூஜி ஃபிரான்டியர் மாதிரி மெஷின் வைத்திருக்கும் லேப்களுக்கு நாம் கொடுப்பது எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான். இன்ஸ்டாகிராமுக்குப் போவதும் அதுதான். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னும் அகலமான வண்ண அளவை முழுக்கக் காட்டும் மானிட்டர்கள் உண்டு. நல்ல இங்க்ஜெட் பிரிண்டர் சொந்தமாக வைத்து ஆர்ட் பேப்பரில் பிரிண்ட் போடுகிறவருக்கு அவை பயன்படும். ஆல்பத்துக்கு வேண்டாம்.

பெட்டியின் மேல் "16.7 மில்லியன் வண்ணங்கள்" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அது வண்ணப் படிகளின் எண்ணிக்கை, வண்ணம் எவ்வளவு தூரம் விரியும் என்பதல்ல. ஆயிரக்கணக்கான படிகளைக் குறுகிய மாடிக்குள்ளும் அடைக்கலாம். மட்டமான திரையும் அதே எண்ணைச் சொல்லலாம்.

இரண்டாவது, பேனல், அதாவது மானிட்டருக்குள் படம் காட்டும் எல்சிடி தகடு. ஐபிஎஸ், விஏ, டிஎன் என்று மூன்று வகை. டிஎன் பேச்சே வேண்டாம், தலையைக் கொஞ்சம் உயர்த்தினால் முகத்தின் நிறம் மாறும். வளைந்த கேமிங் மானிட்டர்களில் பெரும்பாலும் இருப்பது விஏ. அதன் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 3000:1 பக்கம் இருக்கும், ஐபிஎஸ் சாதாரணமாக 1000:1. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஏ-வின் கறுப்பு அசல் கறுப்பாக இருக்கும், ஐபிஎஸ் சற்று வெளுத்துத் தெரியும். அங்கேதான் ஆள் ஏமாறுவது. மல்லிகைச் சரம் வைத்த மணப்பெண்ணின் பின்பக்கப் போட்டோ ஒன்றைத் திறந்து பாருங்கள். நேராக உட்கார்ந்து பார்க்கும்போது பல விஏ பேனல்களில் ஜடை ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரியும். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால் அதே ஜடையில் முடி பிரிந்து பிரிந்து தெரியும். மாப்பிள்ளையின் கறுப்பு கோட்டிலும் இதே கூத்துதான். எங்கே உட்கார்ந்து ஷேடோவைத் தூக்குகிறோம் (இருண்ட பகுதியை வெளிச்சமாக்குகிறோம்) என்பதைப் பொறுத்து ஆல்பம் மாறினால் எப்படி வேலை செய்வது? ஐபிஎஸ்ஸே எடுங்கள். வளைவும் வேண்டாம், லேஅவுட்டில் நேர்கோடு நேராக இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும்.

கேமிங் மானிட்டரில் இன்னொரு வில்லங்கம். "எஸ்ஆர்ஜிபி 120%", "டிசிஐ-பி3 90%" என்று போட்டிருப்பார்கள். டிசிஐ-பி3 என்பது சினிமாவுக்கு வகுத்த, எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான வண்ண அளவு. அதிகம்தானே, நல்லதுதானே என்று தோன்றும். விண்டோஸ் சாதாரணமாக எல்லா சாஃப்ட்வேருக்கும் வண்ணத்தைத் திருத்திக் கொடுப்பதில்லை. போட்டோஷாப் புரொஃபைலை (திரையின் வண்ணத் தன்மையை எழுதி வைத்த ஃபைலை) பார்த்துக் காட்டும், வேறு பல சாஃப்ட்வேர்கள் ஃபைலில் உள்ள எண்ணை அப்படியே திரைக்குத் தள்ளிவிடும். எஸ்ஆர்ஜிபிக்கு எழுதிய எண் அகலமான திரையில் விழும்போது முகமெல்லாம் வெயிலில் காய்ந்தது போலச் சிவந்து தெரியும். ஆல்பம் சாஃப்ட்வேரில் அதைப் பார்த்து நீங்கள் சிவப்பைக் குறைப்பீர்கள். பிரிண்டில் முகம் சோகை பிடித்தது மாதிரி வரும். அப்படிப்பட்ட மானிட்டரே கைக்கு வந்துவிட்டால் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடு இருக்கிறதா, அந்த மோடில் பிரைட்னஸைக் குறைக்க விடுகிறதா என்று பாருங்கள். பலவற்றில் பூட்டி வைத்திருப்பார்கள். "எச்டிஆர் 400" என்ற ஸ்டிக்கருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள்.

அளவு விஷயத்தில் ஒரே விதி: 27 இன்ச்சில் 1920×1080 வாங்கக்கூடாது. ஒரு இன்ச்சுக்கு 82 புள்ளிகள்தான் வரும், ஷார்ப்னஸ் பார்த்து முடிவெடுக்க முடியாது. அதே ரெசொல்யூஷன் 24 இன்ச்சில் 92, பரவாயில்லை. 27 இன்ச் வேண்டுமென்றால் 2560×1440 இருக்க வேண்டும், அப்போது 109 வரும். 12-க்கு 36 இன்ச் ஆல்பம் ஷீட் ஒன்று 300 டிபிஐ-யில் 10,800 பிக்சல் அகலம். அதை முழுசாகத் திரையில் விரித்துப் பார்க்கிறவர்களுக்கு அந்த 2560 உண்மையிலேயே சுகம். ஆனால் வண்ணம் நம்பகமான 27 இன்ச் மாடல்கள், உதாரணத்துக்கு ஆசுஸ் புரோஆர்ட் பிஏ278கியூவி, பென்க்யூ பிடி2705கியூ, உங்கள் தொகையைத் தாண்டிப் போகும்.

பெயர் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசுஸ் புரோஆர்ட் பிஏ248கியூவி. 24.1 இன்ச், ஐபிஎஸ், 1920×1200, 100% எஸ்ஆர்ஜிபி. தொழிற்சாலையிலேயே டெல்டா ஈ 2-க்குக் கீழே சரிபார்த்து, அந்த அறிக்கையைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறார்கள். டெல்டா ஈ என்பது காட்ட வேண்டிய வண்ணத்துக்கும் காட்டுகிற வண்ணத்துக்கும் உள்ள தூரம். 2-க்குள் இருந்தால் நம் கண்ணுக்கு வித்தியாசம் லேசில் பிடிபடாது. உயரமும் ஏற்றி இறக்கலாம். என் மேஜையில் இருப்பதும் இதுதான், அதனால் பாரபட்சம் கொஞ்சம் இருக்கும். இது கிடைக்காவிட்டால் இதே நிபந்தனைகள் உள்ள வேறு எதையும் எடுக்கலாம், கம்பெனி முக்கியமில்லை.

கையில் பாதித் தொகைதான் இருக்கிறது என்றால் பழைய மானிட்டருக்கும் போகலாம். சென்னை ரிச்சி தெருவில் கம்பெனிகள் கழித்த டெல் அல்ட்ராஷார்ப்கள் சுற்றிக்கொண்டிருக்கும். யு2412எம் மாதிரி மாடல்கள் 16:10, ஐபிஎஸ், எல்இடி பேக்லைட். பத்து வருஷத்துக்கு மேல் ஓடியவை என்பதை மறக்காதீர்கள். வெள்ளைத் திரை போட்டால் நான்கு மூலையும் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மஞ்சளடித்தால் விட்டுவிடுங்கள், அதை எந்த செட்டிங்கும் சரி செய்யாது.

புதிதோ பழையதோ, பென்டிரைவில் உங்கள் ஃபைல்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடை டெமோ வீடியோவில் கிளியும் மீனும் எல்லாத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை போகும் ஒரு கிரே கிரேடியன்ட், நீங்கள் ஏற்கெனவே பிரிண்ட் எடுத்து வைத்திருக்கும் ஒரு போட்டோ, இந்த இரண்டும் போதும். கிரேடியன்ட்டில் நடுநடுவே பச்சையோ ரோஸோ எட்டிப் பார்க்கக்கூடாது, பட்டை பட்டையாகப் பிரியக்கூடாது. போட்டோவில் பட்டு வேட்டியைப் பாருங்கள். வெள்ளைக்குள் நெசவு தெரிய வேண்டும். கையில் அந்த பிரிண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மெனுவில் "விவிட்", "டைனமிக் கான்ட்ராஸ்ட்" எல்லாவற்றையும் அணைக்கச் சொல்ல வேண்டும். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

சரி, வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. "பிரிண்ட் இருட்டா வருது" என்று நம் தொழிலில் புலம்பாத ஆளே இல்லை. முக்காலே மூணுவீசம் காரணம் மானிட்டர் வெளிச்சம். புது மானிட்டர்கள் 250, 300 நிட் வெளிச்சத்தில் கண்ணைப் பறித்துக்கொண்டு வருகின்றன. பிரிண்ட் வேலைக்கு 100 முதல் 120 நிட் போதும். அளக்கக் கருவி இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம்: போட்டோஷாப்பில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அறையில் வழக்கமான விளக்கைப் போட்டு, ஏ4 தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை டியூப்லைட் மாதிரி எரிந்தால் வெளிச்சம் அதிகம். தாளும் திரையும் ஒரே அளவு வெள்ளையாகத் தெரியும் வரை பிரைட்னஸைக் குறையுங்கள். பல மானிட்டர்களில் அது 20, 30 பக்கம் வந்து நிற்கும். முதல் இரண்டு நாள் திரை மங்கிப்போன மாதிரி இருக்கும், கண் பழகிவிடும்.

அறையையும் கவனியுங்கள். நம் ஊர் கூல் டேலைட் எல்இடி டியூப் 6500 கெல்வின், மானிட்டரை வைக்க வேண்டிய வெள்ளையும் 6500 கெல்வின். அது நமக்கு வசதி. வார்ம் ஒயிட் பல்பை அந்த அறையிலிருந்து கழற்றிவிடுங்கள். பிஸ்தா பச்சை, ரோஸ் என்று சுவருக்குப் பெயின்ட் அடித்திருந்தால் திரைக்குப் பின்னாலிருக்கும் சுவரையாவது வெளிர் சாம்பலோ வெள்ளையோ ஆக்குங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழக்கூடாது. விண்டோஸ் நைட் லைட், கண்ணுக்கு இதமான ப்ளூ லைட் மோடு எல்லாம் வேலை நேரத்தில் அணைந்திருக்க வேண்டும்.

கேலிபரேஷன் கருவி, அதாவது திரையின் வண்ணத்தை அளந்து சரிசெய்ய உதவும் கருவி, வாங்க வேண்டுமா? வாங்கினால் நல்லது, ஆனால் டேட்டாகலர் ஸ்பைடர், கேலிபிரைட் மாதிரி கருவிகள் உங்கள் மானிட்டர் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் தேவைப்படும் பொருளுக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பணம் போடுவது வீண். தெரிந்த நாலைந்து போட்டோகிராபர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடுங்கள். சாஃப்ட்வேருக்கு டிஸ்ப்ளேகால் இலவசமாகவே கிடைக்கிறது. அதே மாடலுக்கு யாரோ நெட்டில் போட்டிருக்கும் புரொஃபைலை மட்டும் இறக்கிப் போடாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மானிட்டர் ஒரே மாதிரி இருக்காது, அவர் திரையின் கோளாறுக்குப் போட்ட மருந்தை உங்கள் திரை குடிக்கும்.

கருவி வரும்வரை லேபையே கருவியாக வையுங்கள். வெவ்வேறு மாநிறத்தில் நாலு முகம், அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று புடவைகள், ஒரு கிரே பட்டை, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கி பிரிண்டுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது ஆபரேட்டரிடம் "கரெக்‌ஷன் போடாம அடிங்கண்ணே" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் பழக்கதோஷத்தில் டென்சிட்டியையோ மெஜந்தாவையோ ஒரு தட்டு தட்டிவிடுவார், உங்கள் சோதனைக்கு அர்த்தம் இருக்காது. அந்த பிரிண்டைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மயில்கழுத்து கொஞ்சம் வித்தியாசமாகத்தான் வரும், பேப்பரின் எல்லை அது. முகமும் கிரே பட்டையும் ஒத்துப்போனால் உங்கள் மானிட்டர் வேலைக்குத் தயார். லேபை மாற்றினால் மறுபடி ஒரு பக்கம் அடித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். 1920×1200-க்கு உங்கள் லேப்டாப்பில் உள்ளதே போதும். எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டுங்கள், விஜிஏ வேண்டாம். மாட்டிய பிறகு கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் மானிட்டரைக் குறை சொல்வதற்கு முன் டிஸ்ப்ளே செட்டிங்கில் அவுட்புட் ரேஞ்ச் "லிமிடெட்" என்று இருக்கிறதா பாருங்கள். எச்டிஎம்ஐ-யில் மாட்டும்போது சில லேப்டாப்கள் மானிட்டரை டிவி என்று நினைத்து 16 முதல் 235 வரைதான் அனுப்பும். அதை "ஃபுல்" என்று மாற்றினால் சரியாகிவிடும்.