பஃபின் பறவைகள்: கேள்வி பதில்

கேள்வி: பஃபின், பென்குவினுக்கு உறவா?

பதில்: கருப்பு வெள்ளைத் தோற்றத்தைத் தவிர வேறு உறவில்லை. பென்குவினால் பறக்க இயலாது. பஃபினோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 முறை சிறகடித்துப் பறக்கும். மூன்று பஃபின் இனங்களுள் இரண்டு வட பசிபிக்கில் வாழ்கின்றன. இங்கே நான் பேசுவது அட்லாண்டிக் பஃபினைப் பற்றி மட்டுமே.

கேள்வி: டிசம்பரில் ஐஸ்லாந்து செல்கிறோம். உலகின் அட்லாண்டிக் பஃபின்களில் பாதிக்கும் மேல் அங்குதான் இருப்பதாகப் படித்தேன். எங்கே பார்க்கலாம்?

பதில்: படித்தது சரி, மாதம்தான் தவறு. பஃபின் கரைக்கு வருவது முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்க மட்டுமே. ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரையான அந்தச் சில மாதங்கள் போக, மற்ற நாள்களை நடுக்கடலில் கழிக்கிறது. அப்போது அலகின் வண்ணத் தகடுகள் உதிர்ந்து முகமும் சாம்பல் பூத்துவிடும் என்பதால், எதிரில் வந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியாது. பயணத்தை ஜூனுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி: வாயில் உள்ள மீன் நழுவாமல் அடுத்ததை எப்படிப் பிடிக்கிறது?

பதில்: சொரசொரப்பான நாக்கு, பிடித்த மீன்களை மேலண்ணத்தின் முட்களோடு அழுத்திக்கொள்வதால் அலகைத் தாராளமாகத் திறக்கலாம். பத்து மீன்கள் வரை சாதாரணம். ஒரே அலகில் 62 மீன்கள் எண்ணப்பட்டதும் உண்டு.

கேள்வி: குஞ்சைப் பெற்றோர் கைவிட்டுவிடும் என்பது உண்மையா?

பதில்: அந்தப் பழி அவற்றுக்குத் தகாது. மண்ணில் தோண்டிய வளைக்குள் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிட்டு, ஆணும் பெண்ணுமாக ஆறு வாரம் அடைகாத்து, பின்னும் ஆறு வாரம் மீன் சுமந்து வந்து ஊட்டுகின்றன. அதன்பின் ஓர் இரவில் குஞ்சு தானாகவே தனியே கடலுக்குக் கிளம்பிவிடுகிறது. ஐஸ்லாந்தின் வெஸ்ட்மன் தீவுகளில் ஊர் விளக்குகளைக் கண்டு மயங்கித் தெருவில் இறங்கிவிடும் குஞ்சுகளைச் சிறுவர்கள் இரவெல்லாம் தேடி அட்டைப்பெட்டியில் வைத்திருந்து, மறுநாள் கடலை நோக்கி வீசிப் பறக்கவிடுகிறார்கள்.

கேள்வி: அற்றுப்போன இடத்துக்கு மீண்டும் கொண்டுவர முடியுமா?

பதில்: முடியும், பொறுமை வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஈஸ்டர்ன் எக் ராக் தீவில் வேட்டையால் பஃபின்கள் அற்றுப்போயிருந்தன. பறவையியலாளர் ஸ்டீபன் கிரெஸ் 1973இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, செயற்கை வளைகளில் வைத்து, கையால் மீன் கொடுத்து வளர்த்துக் கடலுக்கு அனுப்பினார். வளர்ந்த இடத்துக்கே திரும்பும் பறவை என்பது அவருடைய கணக்கு; ஆனால் தன் இனத்தார் இல்லாத பாறையில் பஃபின் இறங்கத் தயங்கும். ஆகவே மரத்தால் செய்த பஃபின் பொம்மைகளைப் பாறைமேல் நிறுத்தினார். 1981இல் அங்கே மீண்டும் பஃபின்கள் குஞ்சு பொரித்தன. எனக்குத் தெரிந்த பறவைக் கதைகளில் நான் மிகவும் விரும்புவது இதுவே.

கேள்வி: வயதான தாயாரால் படகில் ஏற இயலாது. கரையிலிருந்தே பார்க்க வழியுண்டா?

பதில்: உண்டு. கிழக்கு ஐஸ்லாந்தின் போர்கார்ஃப்யோர்துர் எய்ஸ்திரியில் வண்டி அருகிலேயே செல்லும். மரத்தால் அமைத்த பார்வை மேடையிலிருந்து சில அடித் தொலைவில் பஃபின்கள் நிற்கும். ஆனால் மேடைக்குச் செல்லச் சில படிகள் ஏற வேண்டும். கனடாவின் எலிஸ்டனில் கரையோரப் பாறை முகட்டிலிருந்தே காணலாம். இங்கிலாந்தின் பெம்ப்டன் பாறைச்சரிவிலும் இருக்கின்றன, ஆனால் இடுக்குகளில் ஒளிந்திருப்பவற்றைத் தேட வேண்டியிருக்கும். படகு ஏற முடிந்தவர்களுக்கு என் முதல் பரிந்துரை வேல்ஸின் ஸ்கோமர் தீவு. அடுத்தது ஸ்காட்லாந்தின் லுங்கா.

கேள்வி: அருகில் சென்று படம் எடுக்கலாமா?

பதில்: பாதையை விட்டு இறங்காதீர்கள், காலடியில் வளை இடிந்தால் உள்ளே குஞ்சு புதைந்துபோகும். ஸ்கோமரில் ஒருமுறை, மீன்களைக் கவ்வியபடி வந்திறங்கிய பஃபின் ஒன்று, தன் வளைக்குக் குறுக்கே நின்று படமெடுத்த கூட்டத்தைப் பார்த்துத் தயங்கியது. அந்த நேரத்தில் கடற்காகம் ஒன்று பாய்ந்து மீன்களைப் பறித்துக்கொண்டது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். இப்போதெல்லாம் பாதையோரம் அமர்ந்துவிடுகிறேன். அவை என் காலணியை உரசிக்கொண்டு நடந்து போகின்றன.