அறுந்த நூலை எறியாதீர்கள்: ஃப்ரேம் க்வில்டிங் கேள்வி-பதில்

மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சட்டத்தின் ரோலர்களில் விரித்துக் கட்டி, மெஷினை அதன் மேல் ஓட்டித் தைப்பதுதான் ஃப்ரேம் க்வில்டிங். இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான்: "நூல் அறுந்துக்கிட்டே இருக்கு." பழைய வண்ணாரப்பேட்டையில் என் பட்டறைப் படியேறி வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அறுந்த நுனி எங்கே என்று நான் கேட்பேன். அதை மட்டும் யாரும் கொண்டு வருவதில்லை. குப்பையில் போட்டுவிட்டு, நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகைத் திருகிக்கொண்டிருப்பார்கள். நுனி நார் நாராகப் பிரிந்திருந்தால் எங்கோ உரசுகிறது. பிளேடால் வெட்டியதுபோல் இருந்தால் கூரான விளிம்பு எதிலோ மாட்டுகிறது. இழுபட்டு மெலிந்து சுருண்டிருந்தால் இறுக்கம். பாலியெஸ்டர் நூலின் நுனியில் கடுகு போலச் சின்ன உருண்டை தட்டுப்பட்டால் ஊசி சூடேறி நூல் உருகியிருக்கிறது. இனி கேள்விகளுக்குப் போவோம்.

லாங் ஆர்ம் (கை நீண்ட க்வில்டிங்) மெஷினில் வலமிருந்து இடமாகப் போகும்போது மட்டும் மேல்நூல் அறுகிறது. இடமிருந்து வலம் வந்தால் ஒன்றும் ஆவதில்லை. டென்ஷனைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன். (தண்டையார்பேட்டை)

டென்ஷன்தான் காரணம் என்றால் எந்தப் பக்கம் போனாலும் நூல் அறுந்துபோக வேண்டுமே அக்கா! ஒரு திசையில் மட்டும் அறுகிறது என்றால் ஊசி வளைகிறது என்று அர்த்தம்.

சாதாரண மெஷினில் ஊசி துணியை விட்டு வெளியே வந்த பிறகுதான் அடியிலுள்ள பல்தகடு துணியை நகர்த்தும். ஃப்ரேமில் துணி ரோலர்களுக்கு நடுவே அசையாமல் நிற்கிறது. மெஷின் தலைதான் தண்டவாளத்தில் ஓடுகிறது. ஊசி துணிக்குள் இருக்கும்போதும் தலை நகர்ந்துகொண்டேதான் இருக்கும். துணி ஊசியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், தலை இழுக்கும், ஊசி வளையும். அடியில் சுழலும் ஹூக்கின் முனை ஊசியின் முதுகிலுள்ள குழிவை ஒட்டி, ஒரு மயிரிழை இடைவெளியில் வந்து நூலைக் கொக்கி போட்டு எடுக்க வேண்டும். ஊசி ஹூக்கை விட்டு விலகி வளைந்தால் தையல் விடும். ஹூக்கின் பக்கம் சாய்ந்தால் முனை நூலிலேயே குத்திக் கிழிக்கும்.

அதனால் முதலில் துணியின் இறுக்கத்தைப் பாருங்கள். ஒரு கையை அடியில் விட்டு ஆள்காட்டி விரலால் மேலே தள்ளுங்கள். மேலே இருக்கும் கையால் துணியோடு சேர்த்து அந்த விரல் நுனியைக் கிள்ளிப் பிடிக்க முடிய வேண்டும். தட்டினால் மேளம்போல் சத்தம் வருகிறதா? அதுதான் கோளாறு. ரோலரைப் பின்னால் சுழலாமல் பிடிக்கும் பல்பூட்டான ராட்செட்டில் ஒன்றிரண்டு பல் விடுங்கள். "தளர்ந்தால் சுருக்கம் விழாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். மேல்துணியும் பஞ்சும் அடித்துணியும் சமமாக விரிந்து கிடந்தால் விழாது.

நானும் இதில் அடி வாங்கியவன்தான். மார்கழி பிறந்தால் சௌகார்பேட்டை வீடுகளிலிருந்து ரஜாய் (பஞ்சு வைத்த போர்வை) ஆர்டர் வரும். அப்படி ஒரு கல்யாண ரஜாய்க்கு ராத்திரி முழுக்க நூல் மாற்றினேன், ஊசி மாற்றினேன், எல்லாத் திருகையும் திருகினேன். விடியற்காலையில் அலுத்துப்போய், துணியைக் கழற்றிவிடலாம் என்று ராட்செட்டை விட்டேன். கழற்றுவதற்கு முன் சும்மா ஒரு வரி ஓட்டிப் பார்த்தேன். நூல் அறுந்துபோகவில்லை.

துணி சரியாக இருந்தும் அறுந்தால் ஊசியை ஒரு நம்பர் ஏற்றுங்கள், 16 இருந்தால் 18. தடித்த ஊசி அவ்வளவு சீக்கிரம் வளையாது. உங்கள் மெஷின் ஊசி உருண்டைக் காம்பு கொண்டதென்றால் இன்னொரு வேலையும் செய்யலாம். காது நேர் முன்னே பார்க்கும்படி மாட்டுவது வழக்கம். அதைக் கடிகார முள் ஆறரையில் நிற்பதுபோல் ஒரு துளி திருப்பிப் பாருங்கள். சில மெஷின்களில் இந்தப் பக்கம், சிலவற்றில் அந்தப் பக்கம். ஓரத்துத் துணியில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வீடு கடலுக்குப் பக்கத்தில். ஊசி பாக்கெட்டிலேயே துருப் பிடிக்கிறது. புது ஊசி போட்டும் நூல் பிரிந்து பிரிந்து அறுகிறது. (காசிமேடு)

உப்புக் காற்றுக்குப் புது ஊசி, பழைய ஊசி என்ற பேதம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத துருப் புள்ளி ஒன்று காதுக்குள் இருந்தால் போதும். ஒரு தையலுக்கு மேல்நூலில் செலவாவது சில மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த ஒரு தையலுக்காக, அடிநூல் பாபின் இருக்கும் கேஸைச் சுற்றி வரும் அளவுக்குப் பல சென்டிமீட்டர் நூலை ஹூக் கீழே இழுக்கிறது. மிச்சத்தை டேக்கப் லீவர் மேலே வாங்கிக்கொள்கிறது. ஆக, ஒரே துண்டு நூல் துணியில் போய் உட்காருவதற்குள் ஊசிக் காது வழியாகப் பல தடவை ஏறி இறங்கிவிடுகிறது. காதில் சொரசொரப்பு இருந்தால் நூல் என்ன கதியாகும்?

ஊசியைக் கையில் எடுத்து, காதில் ஒரு முழம் நூலைக் கோத்து இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து முறை முன்னும் பின்னும் இழுங்கள். நூலில் பூனைமுடிபோல் நார் கிளம்பினால் அந்த ஊசி வேண்டாம். நல்ல ஊசிகளை மூடி இறுகிய மாத்திரை டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பையோடு போட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் பாபின் கேஸை வெளியே எடுத்து எண்ணெய்த் துணியால் துடையுங்கள். அதன் வெளித் தகட்டு ஸ்பிரிங்கும் துருப் பிடிக்கும்.

எண்ணெய் என்றால் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அது நாளாக ஆகப் பிசினாகிவிடும். பஞ்சுத் தூசியும் அதில் ஒட்டிக்கொண்டால் ஹூக் இறுகிப்போகும். ஹூக்கில் ஒரே ஒரு சொட்டு, பாபின் மாற்றும்போதெல்லாம். கூடுதலாக விட்டால் ரஜாயில் கறைதான் மிச்சம்.

காலையில் நன்றாகத் தைக்கிறது. மதியத்துக்கு மேல் அறுகிறது. சூடாவதாலா? (பெரம்பூர்)

மதியம் மின்விசிறி போடுவீர்களா? நூல் கோனிலிருந்து முதல் வளையம் வரை நூல் தொளதொளவென்று போகும்; காற்று அதைத் தூக்கிக் கோன் அடியிலோ கம்பியிலோ சுற்றிவிடும். ஒரு நாள் விசிறியை நிறுத்திப் பாருங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, விடை தெரிந்துவிடும். வளையம் கோனின் உச்சிக்கு நேர் மேலே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வழுக்கும் நூலென்றால் கோனுக்கு வலை மாட்டுங்கள்.

லேத் பட்டறையில் சொல்லி ஃப்ரேம் அடித்தோம். வீட்டு மெஷினையே அதன் மேல் ஓட்டுகிறோம். ஆரம்பத்திலும் ஒவ்வொரு மூலையிலும் நூல் போகிறது. (திருவொற்றியூர்)

முதலில் சபாஷ். இரண்டாவது, கோபித்துக்கொள்ள வேண்டாம்: துணியை அழுத்தும் பிரஷர் ஃபுட்டை இறக்கினீர்களா? வீட்டு மெஷினில் அதை ஏற்றி இறக்கும் நெம்பு மேலே இருந்தால் டென்ஷன் தட்டுகள் திறந்தே இருக்கும். அடியில் குருவிக்கூடு கட்டிக்கொண்டு நூல் அறும். ஃப்ரேமில் ஏற்றியதும் இந்த நெம்பை மறப்பவர்கள் நிறையப் பேர். நூல் கோக்கும்போது நெம்பு மேலே, தைக்கும்போது கீழே.

மூலையில் அறுவதற்குக் காரணம் வேறு. உங்கள் ஃப்ரேமில் தையல் நீளத்தைத் தானாகச் சீராக்கும் கருவி இல்லை. மோட்டார் ஒரே வேகத்தில் குத்துகிறது. உங்கள் கைதான் வேகம் மாறுகிறது. மூலையில் யோசித்து நின்றால் ஒரே ஓட்டையில் ஐந்தாறு குத்து விழுந்து நூல் நைந்துபோகும். அங்கிருந்து வெடுக்கென்று கிளம்பினால் ஊசி வளையும். மூலை வரும்போது பெடலையும் கையையும் சேர்த்துக் குறைத்து, சேர்த்துக் கூட்டுங்கள். அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழுந்தால் நல்ல கணக்கு.

தண்டவாளத்தையும் ஒருமுறை பாருங்கள். மெஷினை ஓட்டாமல், கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலால் தலையைத் தள்ளுங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் சக்கரம் 'டொக்' என்று ஏறி இறங்கினால், ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான் நூல் போயிருக்கும். அதை அரத்தால் தேய்த்து மட்டமாக்க வேண்டும்.

பாட்டி வைத்திருந்த பருத்தி நூல் கோன்கள் ஒரு பெட்டி இருக்கின்றன. பயன்படுத்தலாமா? (சௌகார்பேட்டை)

ஒரு முழம் எடுத்து இரண்டு கையிலும் சுற்றி இழுங்கள். புது நூலாக இருந்தால் விரலை வலிக்கச் செய்துவிட்டுத்தான் அறும். முணுக்கென்று போனால் கையால் ஓட்டுத் தையல் போட வைத்துக்கொள்ளுங்கள்.

ரோலர் கிளாம்பில் ஊசி குத்தி உடைந்தது. புது ஊசி மாற்றியும் அன்றிலிருந்து நூல் பிரிந்துதான் வருகிறது. (வியாசர்பாடி)

உடைகிற ஊசி சும்மா போகாது, எங்காவது கீறிவிட்டுத்தான் போகும். ஸ்விட்சை அணைத்துவிட்டு ஊசித் தகட்டைக் கழற்றுங்கள். பழைய நைலான் காலுறைத் துண்டை ஓட்டையின் விளிம்பில் நாலா பக்கமும் தேயுங்கள். எங்கே மாட்டி இழுக்கிறதோ அங்கே பிசிர். பிறகு அதே துண்டை ஹூக்கின் மேலும் ஓட்டுங்கள். தகட்டுப் பிசிரை மிக நைசான எமரித் தாளைச் சுருட்டி ஓட்டைக்குள் விட்டுத் தேய்த்துவிடலாம். ஹூக்கின் முனையை மட்டும் நீங்கள் தேய்க்காதீர்கள். முனை மழுங்கினால் ஹூக்கையே மாற்ற வேண்டிவரும், செலவு இழுத்துவிடும்.

பிசிர் எதுவும் இல்லையென்றால், ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரமான டைமிங் நகர்ந்திருக்கலாம். கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி அடிமட்டத்தைத் தொட்டு, இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் மேலே ஏறும்போது ஹூக் முனை ஊசியின் நடு முதுகில், காதுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். முன்னாலேயே ஓடிப்போயிருந்தாலும், வந்து சேராமல் இருந்தாலும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். "அடிச்சது எந்த இடத்துல?" என்று அவர் கேட்பார், கிளாம்பில் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

ஜரிகை நூலில் க்வில்டிங் செய்ய ஆசை. நாலு அங்குலம் கூடப் போகவில்லை. (ராயபுரம்)

காது பெரிய ஊசி, மேல் டென்ஷன் நன்றாகத் தளர்வு, பாபினில் மெல்லிய பாலியெஸ்டர், பாதி வேகம். கோனைத் தள்ளி வைத்தால் நூலின் முறுக்கு வழியிலேயே கொஞ்சம் பிரிந்து வரும். இத்தனை செய்தாலும் சில ஜரிகை அடங்காது. அது மேல்தகடு சுற்றிய நூல், தகடு உரிந்தால் கதை முடிந்தது. என்னைக் கேட்டால், ஜரிகையைத் துணிமேல் படுக்க வைத்து மேலே கண்ணுக்குத் தெரியாத நூலால் தைத்துப் பிடிப்பேன். பார்க்கவும் அதுதான் எடுப்பாக இருக்கும்.

மேல்நூல் சரி, பாபின் நூல்தான் அறுகிறது. (கொருக்குப்பேட்டை)

பாபின் கேஸின் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் பஞ்சு அடைத்திருக்கும். கெட்டியான தாளின் மூலையை விட்டு வழியுங்கள். பாபினைப் பிதுங்கும் அளவுக்குச் சுற்றியிருந்தாலும் அறும். பிறகு கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாக உதறுங்கள்: கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அசையாமல் தொங்கினால் இறுக்கம், தரை வரை ஓடினால் தளர்வு.

அறுந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினால் முடிச்சு அசிங்கமாகத் தெரிகிறது. (எண்ணூர்)

அறுந்த இடத்திலிருந்தே தொடங்குவதால்தான். பின்னோக்கி இரண்டு அங்குலம் தையலைப் பிரித்து, கையில் பிடிக்கும் அளவுக்கு இரண்டு நூல் முனைகளையும் விடுங்கள். மெஷினைப் பழைய தையலின் கடைசி ஓட்டைக்கு நேராக நிறுத்தி ஒரே ஒரு குத்து குத்தி, பாபின் நூலை மேலே இழுத்துக்கொள்ளுங்கள். நாலு முனையையும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தையுங்கள். முடிந்ததும் ஜோடி ஜோடியாக முடிச்சிட்டு, கை ஊசியில் கோத்துப் பஞ்சுக்குள் ஒரு அங்குலம் ஓட்டி வெளியே எடுத்து, நூலை லேசாக இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டுங்கள். முனை தானாக உள்ளே போய்விடும்.