லேடிக்கும் பிரெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: ஐயா, லேடிங்கிற வார்த்தைக்கு ஆதியில 'மாவு பிசையிறவ'ன்னு அர்த்தமாம், லார்டும் அதே வழியில வந்த வார்த்தைதானாம், எங்கயோ படிச்சேன். நம்பலாமா?
- ஒரு வாசகி

பதில்: தாராளமா நம்பலாம்மா. ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான், இப்ப லோஃப்னு சொல்றோமே, முழு பிரெட், அதோட பழைய வடிவம் 'ஹ்லாஃப்'. கூடவே 'வெயார்டு'ன்னு ஒரு சொல், காவல் காக்குறவன்னு அர்த்தம், ஸ்டூவர்டுல கடைசியில நிக்கிறதும் இதேதான். ரெண்டும் சேர்ந்து 'ஹ்லாஃப்வெயார்டு', அதாவது ரொட்டியைக் காக்குறவர். அது பழைய இங்கிலீஷ்லயே 'ஹ்லாஃபோர்டு'ன்னு சுருங்கி, அப்புறம் முன்னாடி இருந்த ஹ உதிர்ந்து, நடுவுல இருந்த ஃப-வும் தேஞ்சு லார்டு ஆயிடுச்சு. வீட்டுல இருக்குறவங்களுக்குப் படியளக்குறவர்தான் தலைவர், அப்புறம் அதே வார்த்தை கடவுளுக்கும் போச்சு, பிரபுக்கள் சபைக்கும் போச்சு.

லேடியோட பழைய வடிவம் 'ஹ்லேஃப்டியெ'. பின்பாதியில இருக்குறது பிசையிறதைக் குறிக்கிற வேர், டோ-ன்னு மாவுக்குச் சொல்றோமே அதோட உறவு, டெய்ரியும் அந்தக் குடும்பம்தான், முதல்ல மாவு பிசையிற வேலைக்காரி, அப்புறம் பால் வேலை பாக்குறவன்னு மாறி அங்க வந்து நின்னுச்சு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது மூணாவது ஒரு வார்த்தை, அதை யாரும் பெருசா சொல்றதில்ல. 'ஹ்லாஃபேட்டா', ரொட்டி தின்னுறவன், அதாவது ஒருத்தர் சோத்தை நம்பி அவர் வீட்டுல இருக்குற ஆளு. இங்கிலாந்துல இருந்த கென்ட் ராஜ்யத்து மன்னர் ஏதல்பெர்ட் சுமார் கி.பி. 600-ல போட்ட சட்டத்துல இது வருது, இங்கிலீஷ்ல எழுதி நமக்குக் கிடைச்சதுலயே ரொம்பப் பழைய சட்டம் அது. ஒரு சாதாரண குடியானவனோட ரொட்டி தின்னியை எவனாவது கொன்னுட்டா 6 ஷில்லிங் கட்டணும். பாருங்க, காக்குறவர், பிசையிறவர், தின்னுறவர்னு ஒரு வீட்டோட மொத்த உறவும் ரொட்டியை வெச்சே பேர் வாங்கியிருக்கு, இதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு.

ஹ்லாஃப் இங்கிலீஷுக்கு மட்டும் சொந்தமில்ல, ஜெர்மன்ல 'லைப்', பழைய காத்திக் மொழியில 'ஹ்லைஃப்ஸ்'. ரஷ்யன்ல பிரெட்டுக்கு 'ஹ்லெப்', ஃபின்னிஷ்ல 'லெய்பா', இந்த ரெண்டும் ஜெர்மானியக் குடும்பமே இல்ல, ஆனா வார்த்தையை அங்கிருந்துதான் வாங்கியிருக்கு. ஆகஸ்ட் 1-ல வர்ற அறுவடைத் திருநாளுக்கு இங்கிலாந்துல லாமஸ்னு பேரு, 'ஹ்லாஃப்மெஸ்ஸே', அந்த வருஷத்துப் புதுக் கோதுமையில சுட்ட முதல் ரொட்டியை சர்ச்சுக்குக் கொண்டுபோற நாள்.