இரவுக் கடிதம்

வணக்கம் சார்,

பத்தாவது படிக்கும் என் மகள் தூங்கப் போகும்முன் தினமும் ஒரு கொரியப் பாட்டைப் போடுகிறாள். ஐயூ பாடிய ‘பம் பியோன்ஜி’. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அவள் மறந்துவிட்டால் நானே போடச் சொல்கிறேன். ஒரு சொல் புரியவில்லை. அதிரும் தாளம் இல்லை, உச்சத்துக்குப் போகும் குரலும் இல்லை. பிறகு ஏன் மனம் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது?

– ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

2017 மார்ச்சில் வந்த பாட்டு அது. தலைப்புக்கு ‘இரவுக் கடிதம்’ என்று பொருள். வரிகளை ஐயூவே எழுதினார். 2010இல் ‘குட் டே’ பாட்டில் மூன்று படியாக மேலேறிய உச்சக்குரலுக்காகத்தான் கொரியா அவரைக் கொண்டாடியது. அப்படி ஏறத் தெரிந்தவர் இங்கே ஏறாமல் பாடுகிறார். ஒரு கிட்டார், காதருகே பேசுவது போன்ற குரல், வரிகளுக்கு நடுவே மூச்சு. மொழி தெரியாமலே உங்களைத் தொட்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அதன் பொருள். தூக்கமின்மையால் அவதிப்படுவதைப் பற்றி ஐயூ வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். தூக்கம் வராத ஒருவர், தான் நேசிப்பவராவது நன்றாகத் தூங்கட்டும் என்று, அன்றைக்கு இருந்த மின்மினிகளை அவருடைய ஜன்னலருகே அனுப்பிவைக்கிறார். சேர்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறார். அதற்குமேல் எதையும் கேட்பதில்லை. தனக்குக் கிடைக்காத தூக்கத்தை இன்னொருவருக்கு விரும்புவதைவிடப் பெரிய காதல் பேச்சு எனக்குத் தெரியவில்லை.

ஈரோட்டுக்காரரான உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரிய மொழியில் வினையின் கடைசியில் ‘யோ’ சேர்த்தால் கேட்பவருக்கு மரியாதை. உங்கள் ஊரில் ‘வரேனுங்க’ என்கிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். இந்தப் பாட்டில் மின்மினியை அனுப்பும் வரியும் ‘யோ’வில்தான் முடிகிறது: ‘அனுப்பி வைக்கிறேனுங்க’. நம் சினிமாக் காதல் பாட்டுகள் பெரும்பாலும் ‘நீ’ என்றே அழைக்கும். அது ஒரு நெருக்கம். இங்கே மரியாதையை விடாமலே அவ்வளவு நெருங்கி வர முடிகிறது.

காதலைச் சொல்லும் இடத்திலும் அதே பணிவு. கொரியத்தில் ‘சரங்ஹந்தா’ என்றால் ‘நேசிக்கிறேன்’. அதை நேராகச் சொல்வதில்லை. மின்மினிகளை அனுப்பிவிட்டு, ‘நேசிக்கிறேன் என்கிற சொல்லுங்க இது’ என்று மெதுவாக விளக்குகிறார். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வரிசையைப் புரட்டிப்போட வேண்டும். தமிழிலோ நேசிக்கிறேன், என்கிற, சொல் என்று அதே வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கொரிய மூலத்தை அகராதியோடு முதன்முதலில் படித்தபோது இந்த இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

இன்று இரவு பாட்டைப் போடும்போது அந்த ‘யோ’ எங்கெங்கே வருகிறது என்று மகளிடம் கேளுங்கள். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்.