நீலகிரியில் மவுன்டன் பைக்: வாசகர் கேள்வி – பதில்

மலையில் சைக்கிள் ஓட்டுவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீலகிரியைப் பற்றியே இருந்ததால் இந்த முறை முழுக்க அந்த மலைதான்.

ஊட்டி, கோத்தகிரி பக்கம் மவுன்டன் பைக் ஓட்ட நல்ல பாதை எது அண்ணா? போனில் மேப்பைத் திறந்தால் காட்டுக்குள் நிறைய கோடுகள் தெரிகின்றன. அதில் போகலாமா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, அந்தக் கோடுகளை நம்பிக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். மேப்பில் மெல்லிசாகத் தெரிகிற கோடு காட்டுத்தீ தடுப்புக்காக வெட்டிய பாதையாக இருக்கலாம், யானை நடந்து நடந்து உண்டான தடமாக இருக்கலாம், எப்போதோ ஜீப் போய் இப்போது உண்ணிச்செடி மூடிக் கிடப்பதாகவும் இருக்கலாம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். முதுமலை புலிகள் காப்பகம், முக்குருத்தி தேசியப் பூங்கா மாதிரி இடங்களில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே அனுமதியில்லாமல் உள்ளே போவதைத் தடுக்கிறது. சைக்கிள்தானே, சத்தம் இல்லை, புகை இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். காட்டுக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது வனத்துறைக்குத் தெரிந்திருக்க வேண்டியது எவ்வளவு முக்கியம் என்று அதற்கப்புறம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2024இல் அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, வழிகாட்டியோடு போக ஆன்லைனில் பதிவு செய்யும் வசதியும் கொண்டுவந்தது. நீலகிரியிலும் அதில் பல பாதைகள் உண்டு, ஆனால் அவை நடப்பதற்கானவை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அங்கே போய் நிற்காதீர்கள்.

சரி, அப்புறம் எங்கே ஓட்டுவது? தேயிலைத் தோட்டத்து மண் சாலைகளும் ஹட்டிகளை, அதாவது படுகர் ஊர்களை, இணைக்கிற பாதைகளும் தாராளமாகப் போதும். கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சி முனை வரை தார்ச்சாலை 20 கிலோமீட்டருக்குள்தான் வரும். இரண்டு பக்கமும் தேயிலை, அதில் இடையிடையே எஸ்டேட் மண் சாலைகள் பிரிந்து போகும். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட், உருளைக்கிழங்கு அடுக்குகளுக்கு நடுவே ஏறி இறங்குகிற சாலைகள் ஒரு முழு நாளைக்குக் காணும். எமரால்டு பக்கம் இன்னும் அமைதி, ஆனால் காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்று ஊரில் கேட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.

எஸ்டேட் என்றால் தனியார் நிலம், அதை மறக்கக் கூடாது. கேட்டில் வாட்ச்மேனிடம் "சும்மா ஒரு ரவுண்டு" என்று சொல்லி நுழைவதை விட, முதல் நாளே ஆபீசுக்குப் போய் மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். எத்தனை பேர், எந்த நேரம், எஸ்டேட்டின் எந்த டிவிஷன் (பிரிவு) வழியாக என்று சொன்னால் போதும். எங்கே மருந்து அடிக்கிறார்கள், எந்தச் சாலையில் கொழுந்து லாரி வரும் என்று அவர்களே சொல்வார்கள். இந்தத் தகவல் எந்த மேப்பிலும் கிடைக்காது.

என் மகனும் நண்பர்களும் கோத்தகிரிக்கு சைக்கிளில் போகிறேன் என்கிறார்கள். கரடி, காட்டெருமை என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?
– வாசகி, திருப்பூர்

அனுப்பலாம் அம்மா, ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் காட்டெருமைகள் தேயிலைக்குள் சாதாரணமாக நிற்கும். பெரிய ஆண் ஒரு டன் எடை வரை வரும். தேயிலைச் செடி மேலே முதுகு மட்டும் கறுப்பாகத் தெரியும், தலை உள்ளே இருக்கும், அதனால் பாறை என்று நினைத்து அருகில் போய்விடுவார்கள். சைக்கிளில் உள்ள ஆபத்து என்னவென்றால், அது சத்தமில்லாமல் வேகமாக வந்துவிடும். மோட்டார் வண்டியை மிருகம் தூரத்திலேயே கேட்டு ஒதுங்கும், சைக்கிள் வளைவு திரும்பிய நொடியில் எதிரெதிரே நிற்க வேண்டி வரும், அந்தத் திடுக்கிடலில்தான் அது பாய்கிறது. ஆகவே வளைவு வருவதற்கு முன்னாலேயே பெல் அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பேசிக்கொண்டே வரட்டும். காதில் இயர்போன் கூடவே கூடாது.

காட்டெருமை சாலையில் நின்றால் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி, அது போகிற வரை தள்ளியே நிற்க வேண்டும். அரை மணி ஆனாலும் சரி. பக்கவாட்டில் இடம் இருக்கிறதே என்று வேகமாகக் கடக்கப் பார்ப்பதும், போட்டோவுக்காக நாலடி கிட்டே போவதும் வேண்டாம். கரடி பெரும்பாலும் விடியற்காலையிலும் இருட்டத் தொடங்கும்போதும்தான் நடமாடும். காலை 8 மணிக்கு மேல் கிளம்பி மாலை 4 மணிக்குள் தங்குமிடத்துக்குத் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டால் பாதி பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுகிற சாலையில் குஞ்சப்பனை என்ற இடம் வரும். பலாப்பழ சீசனில் அங்கே யானைகள் பழத்துக்காகக் கூட்டமாக வரும், சாலையையும் கடக்கும். அந்த மாதங்களில் மலை ஏறுவதை சைக்கிளில் வைத்துக்கொள்ளாமல், சைக்கிளை வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய் அங்கிருந்து ஓட்டச் சொல்லுங்கள். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

நீண்ட இறக்கத்தில் என் சைக்கிள் பிரேக் பிடிக்காமல் போகிறது, ஒரு கருகின வாசனையும் வருகிறது. பிரேக்கை மாற்ற வேண்டுமா, ஓட்டும் முறையை மாற்ற வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

இரண்டையும். முதலில் ஓட்டும் முறை. பயத்தில் நாம் செய்வது, மேலேயிருந்து கீழே வரை இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடியே இறங்குவது. அப்படிச் செய்தால் சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிஸ்க் ஆறுவதற்கு ஒரு விநாடி கூடக் கிடைப்பதில்லை. சூடு ஏற ஏற, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேட் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதற்கப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். ஆயில் பிரேக் என்றால் உள்ளே இருக்கும் எண்ணெயும் கொதித்து லீவர் தொளதொளவென்று கைப்பிடி வரைக்கும் வந்துவிடும். நேரான இடத்தில் பிரேக்கை முழுசாக விட்டுவிடுங்கள், வளைவு வருவதற்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் மறுபடி விடுங்கள். முன் பிரேக்கைக் கண்டு பயப்படாதீர்கள், நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி, மெதுவாக ஆரம்பித்து அழுத்தத்தைக் கூட்டினால் சைக்கிள் உங்களைத் தூக்கிப் போடாது. ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் போதும், மற்ற விரல்கள் ஹேண்டில்பாரில் இருக்கட்டும்.

பேட் விஷயத்தில், ரெசின் பேட் சத்தமில்லாமல் மென்மையாகப் பிடிக்கும், ஆனால் சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் தேயும். நீலகிரி மாதிரி இடத்துக்கு மெட்டல் பேட்தான், உங்கள் டிஸ்க் அதை ஏற்கிறதா என்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், ரெசின் மட்டும் போடு என்று எழுதியிருக்கும் டிஸ்க்குகளும் உண்டு. முன்னால் 180 மில்லிமீட்டர் டிஸ்க் இருந்தால் நல்லது. இறங்கி முடித்ததும் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் கொப்பளித்துவிடும்.

இந்த விளையாட்டின் கதையே பிரேக் சூட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண் பாதையில் இறக்குவார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக் அந்த சைக்கிள்களுக்கு. ஒரு தடவை இறங்கினாலே ஹப்பில் உள்ள கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த தடவை இறங்க முடியும். அதனாலேயே அந்த இறக்கத்துக்கு 'ரீபேக்' (மறுபடி அடைப்பது) என்று பெயர், 1976இல் அங்கே முதல் பந்தயம் நடந்தது. இருபதே ஆண்டுகளில், 1996 அட்லாண்டாவில், மவுன்டன் பைக் ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டது.

எந்த மாதம் போகலாம்?
– வாசகர், மதுரை

ஜனவரி முதல் மார்ச் வரை. ஜனவரியில் காலையில் உறைபனி இருக்கும், புல்லும் மரப்பாலமும் வழுக்கும், வெயில் ஏறட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், அவலாஞ்சி என்று மேற்குப் பக்கம் மழை கொட்டும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அக்டோபர், நவம்பரில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் மண்சரிவு பயம், 2009 நவம்பரில் நடந்ததை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

சைக்கிள் போவதால் பாதை கெடும் என்கிறார்கள். மாடு நடக்கிறது, டிராக்டர் போகிறது, ஒரு சைக்கிள் சக்கரம் என்ன செய்துவிடும்? வெளிநாட்டில் இருக்கிற மாதிரி தனிப் பாதை நம் மலையில் ஏன் இல்லை?
– வாசகர், சென்னை

ஈர மண்ணில் சக்கரம் செய்கிற காரியம் காலடி செய்வதிலிருந்து வேறு. காலடி அங்கங்கே குழி போடும், சக்கரமோ மேலிருந்து கீழே அறுபடாத ஒரு கோடு போடும். அடுத்த மழையில் தண்ணீருக்கு அது வாய்க்கால். பின் பிரேக்கைப் பூட்டிச் சறுக்கிக்கொண்டு இறங்கினால் அந்தக் கோடு இன்னும் ஆழமாகும். நீலகிரியில் சோலை எனப்படும் மலைக்காடும் புல்வெளியும்தான் மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகின்றன. அந்த மேல்மண் போனால் கீழே ஊர்க்கிணறு வரைக்கும் தெரியும். கோத்தகிரியில் லாங்வுட் சோலை என்று ஒன்று இருக்கிறது, 116 ஹெக்டேர்தான், சுற்றியுள்ள ஊர்களின் தண்ணீருக்கு அதுதான் ஆதாரம், 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. அதற்குள் சைக்கிள் விட வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் எதிர்ப்பேன்.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. பாதை போடத் தெரிந்தவர்கள் நேராகக் கீழே இறக்க மாட்டார்கள். சரிவின் குறுக்கே கொண்டுபோவார்கள், மொத்தத்தில் சராசரிச் சரிவு 10 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள், மலைச் சரிவின் பாதிக்கு மேல் பாதையின் சரிவு இருக்கக் கூடாது என்று ஒரு கணக்கும் உண்டு. நடு நடுவே பாதையைச் சிறிது மேலேற்றி இறக்குவார்கள், அந்த இடத்தில் தண்ணீர் வெளியே ஓடிவிடும். நியூசிலாந்தில் ரோட்டருவா ஊருக்குப் பக்கத்தில் இப்படி வலைப்பின்னலாகப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். அது மரத்துக்காக நட்டு வளர்த்த தோட்டக்காடு, இயற்கைச் சோலையைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கேயும் அப்படி ஓர் இடம் பார்க்கலாம் என்பது என் கருத்து. தேயிலை கைவிடப்பட்டுக் கிடக்கிற சரிவுகள், ஊரை ஒட்டிய கற்பூர மர (யூகலிப்டஸ்) தோப்புகள் இருக்கின்றன. யானை வழித்தடத்தில் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஊர்க்காரர்கள் கையிலேயே பராமரிப்பையும் கட்டணத்தையும் கொடுத்தால், இப்போது திருட்டுத்தனமாகச் சோலைக்குள் இறங்குகிற பிள்ளைகளுக்குப் போக ஓர் இடம் கிடைக்கும். ஊர்க்காரர்களைக் கேட்காமல் வெளியூர் ரிசார்ட் எதுவும் இதை ஆரம்பிக்கக் கூடாது, அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மலைக்குக் கட்டாயம் கொண்டுபோக வேண்டியது என்ன?
– வாசகர், திண்டுக்கல்

ஹெல்மெட், கையுறை, ஒரு ட்யூப், பம்ப், பஞ்சர் பசை, செயின் இணைப்பு, அட்டைப்பூச்சிக்கு உப்பு, மழைக்கோட்டு, வீட்டில் சொல்லிவிட்டுப் போன வழி. டயரில் காற்றைத் தார்ச்சாலைக்கு வைப்பதை விடக் குறைத்து வையுங்கள். 65 கிலோ எடையுள்ளவர், 2.2 அங்குல டயர், ட்யூப் போட்டது என்றால் 28 முதல் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும். எஸ்டேட் சாலையில் சில்வர் ஓக் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கும், அதற்கடியில் கூர்க்கல் இருப்பது தெரியாது, காற்று ரொம்பக் குறைந்தால் ரிம் அடி வாங்கும். கொழுந்து பறிக்கிறவர்கள் மூட்டையோடு எதிரே வந்தால் நீங்கள் இறங்கி ஒதுங்கி நில்லுங்கள், தலையில் பாரத்தோடு அவர்களைப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்க வைக்காதீர்கள். அப்புறம் பின் கியரைத் தாங்குகிற ஹேங்கர் என்ற சின்னத் துண்டு, உங்கள் சைக்கிளுக்கே உரியது, மலையில் அது வளைந்தால் ஊட்டிக் கடையில் கிடைக்கும் என்று நம்ப முடியாது, கிளம்புவதற்கு முன்னாலேயே ஒன்று வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.