கசாரின் போட்ட சட்டையா? பணம் கட்டும் முன்

கேள்வி: மெக்சிகோ முன்கள வீரர் ஒராசியோ கசாரின் 1950 உலகக் கோப்பையில் அணிந்தது என்று ஒரு பச்சை ஜெர்சி இணைய ஏலத்துக்கு வந்திருக்கிறது. முதுகில் 18, நெஞ்சில் கையெழுத்து, கூடவே சான்றிதழ். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வேலைகூட மிச்சம். 1950இல் மெக்சிகோவின் சட்டை கருஞ்சிவப்பு. பச்சை பிறகுதான் வந்தது. 18ம் இடிக்கிறது. அந்தப் போட்டியில் ஆட்டத்துக்கு ஆட்டம் 1 முதல் 11 வரைதான் எண்கள். ஆளுக்கொரு எண் 1954இல் தொடங்கியது.

கருஞ்சிவப்பு இல்லை என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடவும் முடியாது. 1950 ஜூலை 2, பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம்: எதிரணி சுவிட்சர்லாந்தும் சிவப்பு. உள்ளூர் குரூசெய்ரோ கிளப்பிடம் நீல வெள்ளைக் கோடு போட்ட சட்டைகளை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஆடியது மெக்சிகோ. 2-1 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் அதன் ஒரே கோல் கசாரினுடையது. அதாவது, அவர் கோல் அடித்தபோது உடம்பில் இருந்தது கடன் சட்டை! பெலோ ஒரிசோன்ச்சி நகரின் பிரபல குரூசெய்ரோ வேறு கிளப். அதன் நட்சத்திரச் சின்னத்தோடு எவராவது நீட்டினால், பெயரை மட்டும் படித்துவிட்டுத் தைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

சான்றிதழா? விற்பவரே அச்சடித்து, விற்பவரே முத்திரை குத்தி, விற்பவரே கையெழுத்துப் போடுவதற்குப் பெயர் சான்றிதழ். ஏல இணையதளங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டு, 'விவரங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் போட்டு ஒதுங்கிவிடும். 'இன்னொருவர் காத்திருக்கிறார், முன்பணம் போடுங்கள்' என்கிற இடைத்தரகருக்குப் பதிலே எழுதாதீர்கள்.

அடுத்த முறை, உட்புறத் தையலிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திக் காட்டும் வீடியோ கேளுங்கள். பருத்தி, காகிதம் எரிவதுபோல் மணந்து சாம்பலாகும். உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டால் அது பாலியஸ்டர், பிற்காலத்துச் சட்டை. அத்தோடு பேச்சு முடிந்தது.

கையெழுத்து மட்டும் நிஜமாக இருக்கலாம். கசாரின் 2005 வரை வாழ்ந்தவர். யாரோ நீட்டிய புதுச் சட்டையில் போட்டுக் கொடுத்திருக்கலாம். அதற்குக் கையெழுத்தின் விலைதான்.

இந்தப் பணத்துக்கு அக்காலப் பத்திரிகை தேடுங்கள். 1939 மார்ச் 26இல் அஸ்தூரியாஸ் அணியினர் கசாரினை உதைத்து முடக்க, அவருடைய கிளப்பான நெகாக்சாவின் ரசிகர்கள் பார்க்கே அஸ்தூரியாஸ் மைதானத்தின் மரப்படிகளுக்குத் தீ வைத்தார்கள். அந்த வாரத்து மெக்சிகோ நகர நாளிதழ் ஒன்று கிடைத்தால், தேதியும் செய்தியும் அதன் தலைப்பிலேயே இருக்கும். தரகர் சொல்லைக் கேட்க வேண்டியதில்லை.